மறு: பிரௌன்-அவுட்டுக்குத் தமிழ்ச்சொல்: ‘துவளல்’ சரிவருமா?

வணக்கம். மின்சாரம் முழுதும் நிற்காமல், அழுத்தம் மட்டும் சிறிது நேரம் தேவையான அளவுக்குக் கீழே இறங்குவதுதான் பிரௌன்-அவுட். அதற்கு ‘துவளல்’ என்று முன்மொழிந்திருந்தேன். வந்த கருத்துகளுக்கு என் பதில்கள் இவை.

> மின்னழுத்த வீழ்ச்சி என்றே எழுதிவிடலாமே, புதுச்சொல் எதற்கு?

அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. மின்தடையின் இரு முனைகளுக்கிடையே, நீளமான கம்பியில், டயோடில் ஏற்படுவதெல்லாம் மின்னழுத்த வீழ்ச்சிதான். எல்298என் மோட்டார் டிரைவரில் (மோட்டாரை இயக்கும் சில்லு) 1 ஆம்பியர் ஓடும்போது ஏறத்தாழ 2 வோல்ட் குறைவதும் அதுவே. மின்னோட்டம் உள்ளவரை அது இருக்கும். பழுது என்று சொல்ல முடியாது.

நாம் பெயர் தேடுவது வேறொன்றுக்கு. ரோபோ வண்டி செய்கிறவர்கள் இரண்டு மோட்டார்களையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் ஆர்டுயினோ ஊனோ என்ற சிறு கணினிப் பலகையையும் ஒரே சதுர 9 வோல்ட் பேட்டரியில் மாட்டுவார்கள். சுழலும் மோட்டார் தானே ஓர் எதிர் மின்னழுத்தத்தை உண்டாக்கி ஓட்டத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். நிற்கிற மோட்டாரில் அது கிடையாது, சுருளின் தடை மட்டும்தான். அதனால் கிளம்பும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். பேட்டரியின் உள்தடை 1.5 ஓம், மோட்டார்கள் கேட்பது 2 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 3 வோல்ட் பேட்டரிக்குள்ளேயே போய்விட்டது. மிச்சம் 6. ஊனோவின் டயோடும் ரெகுலேட்டரும் (அழுத்தத்தைச் சீராக்கும் பகுதி) 2 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொண்டால் சில்லுக்கு 4தான் கிடைக்கும். பேட்டரி கொஞ்சம் பழசென்றால் இன்னும் இறங்கும். 2.7 வோல்ட்டுக்குக் கீழே போனதும் சில்லு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ளும். மோட்டார் நிற்கும், அழுத்தம் ஏறும், நிரல் முதலிலிருந்து ஓடும், மறுபடி மோட்டார் கிளம்பும், மறுபடி ரீசெட். வண்டி விக்கிக்கொண்டே நிற்கும். நிரலில் பிழை என்று நினைத்து ராத்திரியெல்லாம் தேடுகிறவர்கள் உண்டு.

> ‘தாழ்வழுத்தம்’ எளிமையாக இருக்கிறதே.

எளிமைதான். ஆனால் மின்வாரியத்தில் தாழ்வழுத்த இணைப்பு என்றால் வீட்டுக்கு வரும் சாதாரண 230 வோல்ட் இணைப்பு. அதில் எந்தக் குறையும் இல்லை. போதாக்குறைக்கு நவம்பர் மாத வானிலை அறிக்கை வேறு!

> ‘பழுப்புத் தடை’

இதை விட்டுவிடலாம். விளக்கு மங்கிப் பழுப்பேறுவதால் வந்த ஆங்கிலப் பெயர் பிரௌன்-அவுட். நம் பலகையில் அப்படிப் பழுப்பேறும் இழை விளக்கு ஏது? ‘தடை’யோ பாடநூலில் ஒரு பொருள், நாளிதழின் ‘இன்று மின்தடை’யில் இன்னொரு பொருள் என்று ஏற்கெனவே அல்லாடுகிறது.

அதனால்தான் ‘துவளல்’ என்றேன். வெயிலில் துவண்ட கொடி தண்ணீர் விட்டதும் நிமிர்வதுபோல, சுமை விலகியதும் அழுத்தம் மீள்கிறது. அறுந்துபோகவில்லை, தற்காலிகமாகத் தொய்கிறது என்ற பொருள் சொல்லிலேயே இருக்கிறது. கிளைச்சொற்களும் தடங்கலின்றி வருகின்றன: துவளல் உணரி, துவளல் மீட்டமைப்பு (ரீசெட்). ஈஎஸ்பி32 என்ற இன்னொரு சில்லு தொடர்முனையத்தில் (கணினித் திரையில் சில்லின் செய்திகள் வரும் சாளரம்) காட்டும் எச்சரிக்கையை “துவளல் உணரி தூண்டப்பட்டது” என்று எழுதினால் படிக்கிறவருக்குப் புரியும் என்று நினைக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. மோட்டாரின் பிரஷ் பொறியால் வரும் மின்னிரைச்சலைத் துவளலோடு சேர்க்க வேண்டாம். இரைச்சலுக்கு மோட்டார் முனைகளின் குறுக்கே 100 நானோஃபாரட் மின்தேக்கி வைப்பார்கள். துவளலுக்கு அது போதாது. மின்வழங்கலின் குறுக்கே 470 மைக்ரோஃபாரட் போலப் பெரிதாக வைத்தால் குறுகிய துவளலைத் தாங்கும். அதைவிட நல்லது மோட்டாருக்குத் தனி பேட்டரி. அப்போதும் இரு பேட்டரிகளின் எதிர்மின் (−) முனைகளையும் இணைத்தே ஆக வேண்டும். அந்த இணைப்புக்குப் ‘பொதுத் தரை’யா ‘பொதுப் புவி’யா என்பதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலந்தால் இரண்டும் முடியாது.

சொல்பட்டியலுக்கு என் முன்மொழிவு:

துவளல்: சுமை திடீரென ஏறும்போது மின்வழங்கலின் அழுத்தம், சுற்று ஒழுங்காக இயங்கத் தேவையான அளவுக்குக் கீழே சிறிது நேரம் இறங்குதல்.

‘சிறிது நேரம்’ என்பதை வைத்துக்கொள்ளலாமா, எடுத்துவிடலாமா? இலங்கைப் பாடநூல்களில் வேறு சொல் வழங்கினால் அதையும் இங்கே இடுங்கள்.