மழுங்கிப்போன மீன் அம்பு முனையைத் தீட்டுவது எப்படி?

வில்லால் மீன் அடிக்கும் நண்பர்களிடம் ஒரு உதவி. என்னிடம் உள்ள நான்கு அம்புகளில் மூன்றின் முனை மழுங்கிவிட்டது. தண்ணீருக்குள் மீன் இருக்கும் இடத்தைவிட மேலே தெரியும் என்பதால் கீழே தள்ளித்தானே குறி வைக்கிறோம்? தப்பினால் அம்பு நேராகப் பாறையில்தான் போய் இடிக்கிறது. (எனக்கு அதிகம் தப்புகிறது, அது வேறு கதை.) இப்போது பெரிய கெண்டையின் செதிலில் பட்டால்கூட வழுக்கிக்கொண்டு போகிறது.

முனை மூன்று பட்டை கொண்டது. ஒன்றை கிரைண்டரில் பிடித்தேன்; நுனி நீலம் பாய்ந்துவிட்டது. சூட்டில் எஃகின் பதம் போய்விட்டது, அடுத்த பாறையிலேயே மடங்கியது. அதனால் மற்ற இரண்டையும் அரத்தால் கையாலேயே ராவத் தொடங்கியிருக்கிறேன்.

சிக்கல் என்னவென்றால், மூன்று பட்டையும் ஒரே அளவாகத் தேய மாட்டேன் என்கிறது, நுனி ஒரு பக்கமாகச் சாய்கிறது. அரத்தை மேசையில் படுக்கவைத்து முனையை அதன்மேல் தள்ளுவீர்களா, இல்லை முனையைப் பிடிகருவியில் இறுக்குவீர்களா? பட்டைக்கு இத்தனை இழுப்பு என்று எண்ணித்தான் செய்கிறீர்களா? அப்புறம், ஊசி மாதிரி கூராக்கினால் சீக்கிரம் மடங்குமா, கொஞ்சம் மொட்டையாக விடுவது நல்லதா?

தேய்ந்துகொண்டே போனால் முனையைத் தூக்கிப்போட வேண்டிய கட்டம் எது என்பதையும் சொல்லுங்கள்.