யூத மதம் பழைய ஏற்பாட்டின் மதம்தானா? பலிகளும் ஆசாரியர்களும் எங்கே போனார்கள்?

வேப்பேரி மாணவி (கேள்வி)

வணக்கம். சென்னைக் கல்லூரி ஒன்றில் முதுகலை வரலாறு பயில்கிறேன். உலகச் சமயங்கள் குறித்த தாளில் யூத மதத்தின் வரலாற்றை எழுதும்படி எனக்குச் சொல்லப்பட்டுள்ளது. ஞாயிறு பள்ளிக்குச் சென்று வளர்ந்தவள் என்பதால் ஆபிரகாம், மோசே, தாவீது, எருசலேம் தேவாலயம் எல்லாம் எனக்குப் பழக்கமானவை. ஆனால் இன்றைய யூதர்களின் வழிபாட்டைப் பற்றிப் படிக்கத் தொடங்கியதும் திகைப்பே மிஞ்சுகிறது. லேவியராகமம் அத்தனை விரிவாகக் கூறும் தகனபலியும் பாவநிவாரண பலியும் அங்கே இல்லை. ஆசாரியர்களின் இடத்தில் ரபிகள் என்னும் சமயச் சட்ட அறிஞர்கள் இருக்கிறார்கள். பழைய ஏற்பாட்டில் பெயர்கூடக் காணப்படாத தல்மூது என்னும் நூல்தொகுதி எல்லாவற்றுக்கும் அடிப்படை என்கிறார்கள். இடையில் என்ன நிகழ்ந்தது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாவேன்.

பழைய நூலகம்

அன்பு மாணவிக்கு, நீங்கள் கேட்டிருப்பதுதான் அம்மதத்தின் வரலாற்றில் மிக முக்கியமான கேள்வி. கிறித்தவத்துக்கு முன்னுரையாக மட்டுமே யூத மதத்தைப் பார்க்கும் பழக்கத்தால், பலரும் அதன் கதையைப் பழைய ஏற்பாட்டின் கடைசி நூலான மல்கியாவோடு முடித்துவிடுகிறார்கள். அதற்குப் பின்னர்தான் அது இன்றைய உருவைப் பெற்றது.

கி.பி. 66இல் யூதேயாவில் ரோமருக்கு எதிராகக் கிளர்ச்சி மூண்டது; 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமைக் கைப்பற்றித் தேவாலயத்தை எரித்தது. பலியை ஒரே இடத்தில்தான் செலுத்த வேண்டும் என்று உபாகமம் விதித்திருந்தபடியால், அந்த இடம் அழிந்ததும் பலியும் நின்றது. தேவாலயத்தைச் சார்ந்தே செல்வாக்குப் பெற்றிருந்த சதுசேயர் என்னும் பிரிவினரும் வரலாற்றிலிருந்து மறைந்தனர். பரிசேயர் என்னும் மற்றொரு பிரிவினரின் நிலை வேறு. தூய்மை விதிகளை வீட்டுக்குள்ளும் உணவுப் பந்திக்கும் கொண்டுவந்து, எழுதப்பட்ட தோராவோடு (மோசேயின் சட்ட நூலோடு) வாய்வழி மரபையும் போற்றியவர்கள் அவர்கள். ஆகையால் தேவாலயம் இல்லாமலும் அவர்களுடைய வழி தொடர முடிந்தது. ரபிகளின் மரபு பெரும்பாலும் அங்கிருந்தே கிளைத்தது. சுவிசேஷங்களில் பரிசேயரைக் கண்டிக்கும் சொற்களையே கேட்டு வளர்ந்திருப்பீர்கள். இந்தத் தாளுக்காகவாவது அவர்களை அவர்களுடைய மரபின் வழியே பார்க்க வேண்டுகிறேன்.

அக்கால ரபி யோகனான் பென் சக்காய் முற்றுகையிடப்பட்ட நகரிலிருந்து சவப்பெட்டிக்குள் மறைந்து வெளியேறி, யாவ்னே என்னும் ஊரில் கல்விச்சபை நடத்த ரோமரிடம் அனுமதி பெற்றார் என்று மரபு கூறுகிறது. வரலாற்றாசிரியர்கள் இதனை அப்படியே ஏற்பதில்லை எனினும், யாவ்னேயில் அறிஞர்கள் கூடிப் புதிய ஒழுங்கை வகுக்கத் தொடங்கினார்கள் என்பதில் ஐயம் இல்லை. தேவாலயம் பாழாய்க் கிடப்பதைக் கண்டு சீடர் ஒருவர் அழுதபோது, பாவநிவாரணத்துக்கு இரக்கச் செயல்கள் போதும் என்று ஓசியா தீர்க்கதரிசியின் வசனத்தைக் காட்டி யோகனான் தேற்றியதாகவும் ஒரு செய்தி உண்டு. அன்றாடப் பலிகளுக்கு ஈடாக வேளைதோறும் செய்யும் ஜெபம் நிலைபெற்றது.

கி.பி. 200ஐ ஒட்டி ரபி யூதா ஹநாசி வாய்வழிச் சட்டங்களை மிஷ்னாவாகத் தொகுத்தார். இன்றைய வழக்கில் 63 நூற்பகுதிகளாக எண்ணப்படும் இதில், ஒருவர் கூறியதும் மற்றவர் மறுத்ததும் ஒருங்கே பதிவாகியுள்ளன. ஏற்கப்படாத கருத்தும் விடப்படவில்லை. பலிகளுக்கென்றே ஒரு பெரும்பிரிவு இருப்பதையும் கவனியுங்கள். நிறைவேற்ற முடியாத சடங்கைக் கற்பதே வழிபாடு என்ற நிலை உருவாகியிருந்தது. மிஷ்னாவை விவாதித்து எழுந்தவை இரு தல்மூதுகள்: பாலஸ்தீனத்தில் ஏறக்குறைய 400 அளவில் ஒன்று, பாபிலோனில் 500க்கும் 600க்கும் இடையில் மற்றொன்று. பின்னதற்கே அதிகாரம் மிகுதி. அதன் அச்சுப் பக்கத்தில் மூலம் நடுவிலும், பிரான்சின் துருவா நகரைச் சேர்ந்த ராஷி (1040–1105) எழுதிய உரை ஒருபுறத்திலும், அவருக்குப் பின் வந்தோர் அவ்வுரையையே கேள்விக்கு உட்படுத்திய குறிப்புகள் மறுபுறத்திலும் அமைந்திருக்கும். இளம்பூரணரையும் நச்சினார்க்கினியரையும் அருகருகே வைத்துத் தொல்காப்பியம் படிப்பவர்களுக்கு இந்த முறை அந்நியமாகத் தோன்றாது.

கல்வெட்டு ஆர்வலர்

மேலே உள்ள பதில் நன்று. ஆனால் எல்லாம் கி.பி. 70இல்தான் மாறியது என்று மாணவி எழுதிவிடக் கூடாது என்பதற்காக இதனைச் சேர்க்கிறேன். கி.மு. 586இல் பாபிலோன் அரசர் நேபுகாத்நேச்சார் முதல் தேவாலயத்தை இடித்து மக்களைச் சிறைகொண்டு போனபோதே, பலிபீடம் இன்றி வாழும் நிலை அவர்களுக்கு நேர்ந்தது. பாரசீக அரசர் கோரேசு 539இல் பாபிலோனை வென்றபின் ஒரு பகுதியினர் திரும்பி இரண்டாம் தேவாலயத்தைக் கட்டினர் என்றாலும், பலர் பாபிலோனிலேயே தங்கினர். ஆயிரம் ஆண்டுக்குப் பின் பெரிய தல்மூது அங்கே உருவானதன் காரணம் அதுவே. நெகேமியா 8ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள்: தண்ணீர் வாசலுக்கு முன் எஸ்றா தோராவை வாசிக்கிறார், லேவியர் பொருள் சொல்கிறார்கள், பலி பற்றிய பேச்சே அங்கு இல்லை.

எருசலேமில் கிடைத்த தியோடோட்டஸின் கிரேக்கக் கல்வெட்டும் இதற்குச் சான்று. தேவாலயம் அழியுமுன்னரே பொறிக்கப்பட்டதாகப் பெரும்பாலான அறிஞர்கள் கருதும் அக்கல்வெட்டு, ஜெபஆலயம் ஒன்று நியாயப்பிரமாணத்தை (தோராவை) வாசிப்பதற்கும் கட்டளைகளைக் கற்பிப்பதற்கும் கட்டப்பட்டது என்கிறது. தேவாலயத்தின் நிழலிலேயே வாசிப்பு வளர்ந்திருந்தது. 70ஆம் ஆண்டின் பேரழிவு, துணையாக இருந்ததைத் தலைமைக்கு உயர்த்தியது என்று கொள்வதே பொருத்தம்.

வேப்பேரி மாணவி

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக் கேள்வி. தல்மூதை எல்லா யூதர்களும் ஏற்றார்களா? நம் பக்கத்து யூதர்களிடமும் அது இருந்ததா?

முத்தியால்பேட்டை

எல்லோரும் ஏற்கவில்லை, அம்மா. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் எழுந்த கராயர் வாய்வழிச் சட்டத்தை மறுத்து வேத நூலை மட்டும் கொண்டனர். அவர்களுள் சிறு தொகையினர் இன்றும் உள்ளனர். எத்தியோப்பிய யூதர்கள் தல்மூதை அறியாமலே நெடுங்காலம் வாழ்ந்தார்கள். பிற்காலத்தில் ஜெர்மனியில் தோன்றிய சீர்திருத்த இயக்கமும், அதை எதிர்த்து வைதிகத் தரப்பு தன்னை வரையறுத்துக்கொண்டதும், சட்டம் எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்ற இதே கேள்வியின் தொடர்ச்சிதான்.

நம் பக்கத்துக்கு வருவோம். கி.பி. 1000ஐ ஒட்டிச் சேர அரசர் பாஸ்கர ரவிவர்மன் யூதத் தலைவர் யோசேப்பு ரப்பானுக்கு அஞ்சுவண்ணம் என்னும் வணிகக் குழுவின் உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் உள்ளது. கொச்சி யூதர்கள் அதைப் பேணி வந்தனர். பன்னிரண்டாம் நூற்றாண்டுப் பயணி துதேலாவின் பெஞ்சமின், கொல்லத்து யூதர்கள் மோசேயின் சட்டத்தையும் தீர்க்கதரிசிகளையும் அறிந்தவர்கள் என்றும், தல்மூதை ஓரளவே அறிந்தவர்கள் என்றும் எழுதினார். உங்கள் கேள்விக்கு நேரான விடை அதுவே.

சென்னைக்கு வந்தவர்கள் வேறொரு கிளை. 1492இல் ஸ்பெயின் யூதர்களை வெளியேற்றியது. 1497இல் போர்ச்சுகல் அவர்களைக் கட்டாய மதமாற்றத்துக்கு உட்படுத்தியது. அந்த வழியில் வந்த வணிகர்கள் பதினேழாம் நூற்றாண்டில் லண்டனிலிருந்தும் பிற நகரங்களிலிருந்தும் மதராசுக்கு வந்து, மத்தியதரைக் கடல் பவளத்தைக் கொடுத்துக் கோல்கொண்டா வைரத்தை வாங்கினார்கள். 1688இல் நிறுவப்பட்ட மாநகராட்சியின் ஆல்டர்மேன்களுள் (மூத்த உறுப்பினர்களுள்) யூதர்களும் இருந்தனர். ஜார்ஜ் டவுனின் பவளக்காரத் தெரு அந்த வணிகத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. பழைய யூத இடுகாட்டுக் கற்கள் இப்போது லாயிட்ஸ் சாலையில் உள்ள இடுகாட்டில் இருக்கின்றன. முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு சென்று பாருங்கள். உங்கள் கட்டுரைக்கு உள்ளூர்ச் சான்றாக எபிரேய எழுத்துப் பொறித்த கற்களே கிடைக்கும்.