மறு: ஆறு நிமிட நடை: தேர்வா, சோதனையா?

அன்புள்ள குழுவினருக்கு,

கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோயாளிகளுக்கானது. நோயாளி ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று அளக்கும் முறைக்குத் தமிழ்ப் பெயர் முடிவாகாமல், இன்னும் தலைப்பிலேயே நிற்கிறோம்.

> 'நிமிடம்' வடசொல். 'ஆறு மணித்துளி நடைத்தேர்வு' என்க.

ஐயா, மணித்துளிக்கு எனக்குத் தடையில்லை; 'தேர்வு' என்பதுதான் உறுத்துகிறது. விறகடுப்புப் புகையில் நுரையீரல் கெட்ட பாட்டி, தேர்வு என்றதும் தோற்றுவிடக் கூடாதென்று முதல் நிமிடத்திலேயே விரைந்து, மூச்சிரைத்துச் சுவரைப் பிடித்துக்கொள்வார். 30 மீட்டர் தாழ்வாரத்தில் தம் போக்கில் நடக்கலாம், நின்று இளைப்பாறலாம்; கடிகாரம் மட்டும் நிற்காது. 'சோதனை' என்றால், இரத்தச் சோதனையைப் போல் ஏற்றுக்கொள்கிறார்கள்.

> சங்கப் பாடல்களில் 'செலவு' பயணம். 'செலவாய்வு' எனலாமே?

தலைவன் பயணத்தைத் தவிர்க்கும் செலவழுங்கல் பாடல்களை நானும் விரும்பிப் படித்தவள். மருத்துவமனையில் அச்சொல் கட்டணத்தையே நினைவூட்டும்.

இதைவிடப் பெயரிடக் கடினமானது, 1992இல் இங்கிலாந்தின் லெஸ்டரில் வகுத்த மற்றொரு முறை; ஆங்கிலத்தில் 'ஷட்டில்' நடை. 10 மீட்டர் தடத்தில் இரு கூம்புகளைச் சுற்றி, ஒலிக்குறிப்புக்கு ஏற்பப் போய்த் திரும்ப வேண்டும். நிமிடந்தோறும் வேகம் கூடும். ஷட்டில் என்பது தறியில் இங்குமங்கும் போய்வரும் கருவி; அதன் தமிழ்ப் பெயர்களிலிருந்து எடுத்த 'நாடா நடை', 'ஓட நடை' இரண்டும் அழகுதான். ஆனால் நாடா என்றால் இன்று பட்டை. 'ஓட நடை' ஓடச் சொல்வதாகப் படும். 'போய்வரு நடை' என்பேன். 'போய்' என்ற எச்சம் முன்நிற்க, 'வரு நடை' என்று காலம் மறைந்த வினைத்தொகை அமையுமா? இலக்கணம் அறிந்தோர் சொல்லுங்கள்.

> நோயாளிக்கு நடைப்பயிற்சியை எழுதித் தருவதை 'நடைச்சீட்டு' எனலாம், மருந்துச்சீட்டு போல.

நல்ல ஆக்கம். ஆனால் மணல் லாரிக்குத் தரும் அனுமதிக்கு அப்பெயர் ஏற்கெனவே உண்டு. 'பயிற்சிச் சீட்டு' போதும். கையேட்டின் உயிரே அந்தச் சீட்டுதான். ஆறு நிமிடத்தில் 300 மீட்டர் நடந்தவரின் வேகம் மணிக்கு 3 கிலோமீட்டர். அதில் 80 விழுக்காட்டில் தொடங்குவது வழக்கம்: 2.4 கிலோமீட்டர். ஆகவே 20 நிமிடத்துக்கு 800 மீட்டர். 'தினமும் கொஞ்சம் நடங்கள்' என்று வாய்மொழியாகச் சொல்லி அனுப்புவது மருத்துவம் ஆகாது.

இதுவரை 'சோதனை'க்கே பெரும்பான்மை. அதையே அச்சுக்குக் கொடுக்கிறேன்.

> சோதனையும் வடசொல்லே. என் மறுப்பைப் பதிவு செய்க.

பதிந்துகொண்டேன், ஐயா. 'போய்வரு' பற்றி வியாழன் மாலைக்குள் எழுதுங்கள்.