பீரியட் (பழங்கால பாணி) டீ பார்ட்டி உடை: கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள்

ஊசிநூல்
யார்க் நகரத்துல கிளாஸ் பொண்ணுங்க சேர்ந்து வெச்ச டீ பார்ட்டி, 1860 தீம். ஒருத்தி வளையப் பாவாடையோட (உள்ளே வளையம் வெச்சு விரிஞ்சு நிக்குமே, கிரினோலின்) நாற்காலியில சட்டுனு உட்கார்ந்தா. பின்பக்க வளையம் அவ எடையில அமுங்கிடுச்சு, முன்பக்கம் விருட்டுன்னு எழும்பி மேசை விளிம்புல இடிச்சு பால் குவளையைக் கவிழ்த்துடுச்சு. பால் சொட்டுறதைக்கூட பாக்காம, பாவாடையை ரெண்டு கையாலயும் அமுக்கிட்டே இருந்தா. அது இன்னும் கண்ணுலயே நிக்குது. உட்காரும் முன்னாடி பின்பக்க வளையத்தைத் துணியோட பிடிச்சு ஒரு சாண் தூக்கணும், அப்புறம் நாற்காலி நுனியில உட்காரணும். கைப்பிடி இல்லாத நாற்காலியா பார்த்துப் போடுங்க. இதை அவகிட்ட யாருமே சொல்லல.

பழந்துணி
தூக்கினால் மட்டும் போதாது. அவள் போட்டது பெரும்பாலும் கல்யாண கவுனுக்குள் போடும் பிளாஸ்டிக் வளையமாக இருக்கும். வளையங்கள் குறைவு, ஒரு இடத்தில் மடிந்தால் அப்படியே நின்றுவிடும். 1856-ல் காப்புரிமை பெற்ற எஃகுக் கூண்டுப் பாவாடையில் வளையங்கள் நெருக்கமாக நாடாக்களில் தொங்கும். உட்கார்ந்தால் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொள்ளும். அடி வளையம் தரையிலிருந்து எட்டு, பத்து அங்குலம் மேலே இருக்கட்டும், இல்லையேல் படியேறும்போது கால் மாட்டும். மேலே ஒரு பருத்தி உள்பாவாடையாவது வேண்டும், இரண்டு என்றால் நல்லது. இல்லாவிட்டால் வளைய வரிகள் வெளியே தெரியும்.

உடுத்தும் வரிசையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். உள்சட்டை, நீள உள்ளாடை, காலுறை, பிறகு பூட்ஸ். கச்சு (இடுப்பை இறுக்கும் கார்செட்) அதற்கப்புறம்தான், கச்சு கட்டிய பிறகு குனிந்து பூட்ஸ் கயிறு முடிய முடியாது. முதுகில் இரண்டு அங்குல இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கழற்றும்போது முதலில் பின்கயிறைத் தளர்த்திவிட்டு முன்கொக்கியை அவிழ்க்கவும். இறுக்கமாக இருக்கும்போதே இழுத்தால் கொக்கி வளைந்துவிடும். நீள உள்ளாடையின் நடுவைத் தைக்காமல் விட்டிருப்பதைப் பார்த்துச் சிலர் தைத்துவிடுகிறார்கள். தைக்காதீர்கள், அத்தனை அடுக்கோடு கழிப்பறை போக அதுதான் வழி.

மல்துணி
பேச்சு உட்கார்றதைப் பத்தி, நீங்க கச்சு வரைக்கும் போயிட்டீங்க. ஆனா பெரிய குழப்பம் வேற. அழைப்பிதழ்ல ரீஜென்சின்னு (இங்கிலாந்துல அரசருக்குப் பதிலா இளவரசர் ஆண்ட 1811–1820 காலம்) இருக்கும், பாதிப் பேர் வளையம் மாட்டிட்டு வருவாங்க. அரசவை உடையைத் தவிர அந்தக் காலத்துல வளையமே கிடையாது. மெல்லிய மஸ்லின், நேரா விழற பாவாடை, மார்புக்கு அடியில இடுப்புத் தையல். ஒரு பொண்ணு பார்ட்டி முழுக்க அந்தத் தையலைக் கீழே இழுத்துவிட்டுட்டே இருந்ததைப் பார்த்தேன். பாவமா இருந்துச்சு. அளவு தப்பில்லைங்க. அந்தக் காலத்துக் கச்சு மார்பை நல்லா மேலே தூக்கி நிறுத்தும். இன்னைக்குள்ள பிராவோட போட்டா தையல் மார்பு மேலேயே ஏறிடும். பிரா பட்டையை ஒரு அங்குலம் ஏத்தினாலே பாதி சரியாகும்.

பாலியஸ்டர் சாட்டின் வேண்டவே வேண்டாம், வேர்க்கும், மடிப்பு மடிப்பா அழகா விழாது. மல் பருத்தி நாலு, அஞ்சு மீட்டர் போதும். முதுகுல ஜிப் வைக்காதீங்க, நாடாவும் குண்டூசியும்தான் சரி.

பழந்துணி
மல் சரி. ஆனால் ரீஜென்சி தீமுக்குச் சாயங்காலம் நாலு மணி டீ என்பதே பொருந்தவில்லை. அந்த வழக்கம் 1840-களில்தான் பரவியது. பெட்ஃபோர்ட் சீமாட்டி அன்னாவின் பெயரைத்தான் அதற்குச் சொல்வார்கள். ரீஜென்சி காலத்தில் இரவு விருந்து முடிந்த பிறகு தேநீர். பகலில் வைத்தே தீருவீர்கள் என்றால் முழுக்கை, கழுத்தை மூடும் உள்துணி போடுங்கள். குட்டைக் கையும் திறந்த கழுத்தும் இரவு விருந்துக்கான உடை.

1780-கள் தீம் என்றால் இன்னும் வசதி: பூப்போட்ட சீட்டித் துணி. அந்த வகைத் துணி முதலில் நம் சோழமண்டலக் கரையிலிருந்து போனதுதான். அச்சிட்ட பருத்திக்கு 1721-ல் பிரிட்டன் போட்ட தடையை, அங்கேயே தயாரித்த துணிக்கு 1774-ல் நீக்கிவிட்டார்கள், அதனால் யாரும் குறை சொல்ல முடியாது.

ஊசிநூல்
கையுறை பத்தி யாரும் சொல்லலையே. ஸ்கோனை (டீயோட வெண்ணெய் தடவிச் சாப்பிடற சின்ன ரொட்டி) எடுக்கும் முன்னாடி கழற்றி மடியில, நாப்கினுக்கு அடியில வெச்சிடுங்க. வெண்ணெய் பட்டா தோல் கையுறையில கறை போகவே போகாது.