மாங்கூழ் ஆலை மென்பொருள்: உள்நுழைவதற்கு மட்டும் அரை நிமிடம் ஆகிறது

கேள்வி: எடைமேடைக் கணக்கர், காவேரிப்பட்டணம்

அனைவருக்கும் வணக்கம். காவேரிப்பட்டணம் அருகே ஒரு மாங்கூழ் ஆலையின் கணக்குப் பிரிவில் பணிபுரிகிறேன். எடைமேடை, கொள்முதல், விவசாயிகளுக்கான பணப்பட்டுவாடா ஆகிய மூன்றுக்கும் ஒரே மென்பொருள்தான். விண்டோஸ் சர்வரில் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம் இயங்குகிறது. ஒவ்வொரு கணினியிலும் நிறுவியிருக்கும் மென்பொருள் நேரடியாக அதனுடன் இணைகிறது.

பெங்களூரா மாங்காய் வரத்து தொடங்குவதற்கு முன்பு, எடைமேடைக் கணினிகளைத் தனி வலையமைப்பாகப் பிரித்து, அவற்றுக்கு வேறு ஐபி (வலையமைப்பு முகவரி எண்) வரிசை கொடுத்தார்கள். அதிலிருந்து, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கொடுத்த பிறகு முகப்புத் திரை வருவதற்கு அரை நிமிடத்துக்கு மேல் ஆகிறது. உள்ளே போய்விட்டால் எடைச் சீட்டு போடுவதில் எந்தத் தாமதமும் இல்லை. ஷிப்டு மாறும் நேரத்தில், ஆள் மாறி உள்நுழைவதற்குள் லாரிகள் வாசல் வரை நின்றுவிடுகின்றன. அலுவலகக் கணினிகளில் சில விநாடிகளே ஆகின்றன. மென்பொருளைப் பராமரிப்பவர் சர்வருக்கு ராம் கூட்டச் சொல்கிறார். அந்தச் செலவைச் செய்வதற்கு முன் எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும்?

பதில்: தரவுத்தளப் பணியாளர், ஓசூர்

ராம் போதாமல் இருந்தால் எடைச் சீட்டு போடும்போதும் தாமதம் தெரிந்திருக்கும். அலுவலகத்துக்கு ஒரு வேகம், எடைமேடைக்கு ஒரு வேகம் என்று இருந்திருக்காது. எனவே ராம் வாங்குவதை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

எடைமேடைக் கணினியிலிருந்து, தரவுத்தளப் பயனருக்குரிய கடவுச்சொல்லை வேண்டுமென்றே தவறாகக் கொடுத்து இணைத்துப் பாருங்கள். மறுப்புச் செய்தி உடனே வந்தால், தாமதம் உள்நுழைந்த பிறகு நடக்கும் வேலையில் இருக்கிறது. அதாவது உரிமைகள், மெனு, நிலுவைப் பட்டியல் போன்றவற்றை ஏற்றுவதில். மறுப்பும் அதே அரை நிமிடம் கழித்தே வந்தால், ஒரு வரித் தரவைக்கூடப் படிப்பதற்கு முன்பே நேரம் போய்விடுகிறது என்று பொருள். அந்தக் காத்திருப்பின்போது சர்வரில், அப்போதுள்ள இணைப்புகளைப் பட்டியலிடும் 'ஷோ பிராசஸ்லிஸ்ட்' கட்டளையை ஓட்டி, பயனர் இடத்தில் 'அன்ஆதென்டிகேட்டட் யூசர்' (இன்னும் சரிபார்க்கப்படாத பயனர்) என்று வருகிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்

மறுப்புச் செய்தியும் அதே அளவு தாமதமாகவே வந்தது. பட்டியலில் நீங்கள் சொன்ன அந்தப் பெயரும் இருந்தது.

பதில்: வலையமைப்புப் பராமரிப்பாளர், தருமபுரி

அப்படியானால் பெரும்பாலும் இது பெயர் தேடல்தான். புதிய ஐபி ஒன்றிலிருந்து இணைப்பு வந்தால், மைஎஸ்கியூஎல் அந்த எண்ணுக்குரிய கணினியின் பெயரை, பெயர்களையும் ஐபி எண்களையும் பொருத்திச் சொல்லும் டிஎன்எஸ் சேவையிடம் கேட்கிறது; கிடைத்த பெயர் அதே எண்ணுக்குத்தான் திரும்புகிறதா என்றும் சரிபார்க்கிறது. கடவுச்சொல் சோதனை இதற்குப் பிறகுதான். உங்கள் புதிய ஐபி வரிசையை டிஎன்எஸ்ஸில் யாரும் பதிவு செய்திருக்க மாட்டார்கள். பதிலே வராத கேள்விக்காகச் சர்வர் காலக்கெடு முடியும் வரை காத்திருக்கிறது. கிடைத்த விடையை அது நினைவில் வைத்துக்கொள்ளும் என்றாலும், இத்தகைய தற்காலிகத் தோல்வியைச் சேமிப்பதில்லை; அதனால்தான் ஒவ்வொரு முறையும் அதே தாமதம்.

மைஎஸ்கியூஎல்லின் அமைப்புக் கோப்பான மை.ஐஎன்ஐயில் 'ஸ்கிப் நேம் ரிசால்வ்' (பெயர் தேடலைத் தவிர்) என்ற அமைப்பைச் சேர்த்துச் சர்வீஸை மறுதொடக்கம் செய்தால் இந்தத் தேடலே நடக்காது. இயங்கும்போது இதை மாற்ற முடியாது என்பதால், லாரி வராத இரவு நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள்.

அதற்கு முன் பயனர் அட்டவணையில், யார் எந்தக் கணினியிலிருந்து இணையலாம் என்று சொல்லும் ஹோஸ்ட் நெடுவரிசையைக் கட்டாயம் பாருங்கள். கணினிப் பெயரைக் கொண்டு அனுமதி கொடுக்கப்பட்ட பயனர்கள் யாராவது இருந்தால், அமைப்பை மாற்றியவுடன் அவர்களால் இணைய முடியாது. அவர்களுக்கு ஐபி எண் அல்லது ஐபி வரிசை அடிப்படையில் புதிய அனுமதி கொடுக்க வேண்டும். சர்வரிலேயே இயங்கும் பேக்கப் நிரலைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அது சர்வர் தன்னையே குறிக்கும் 127.0.0.1 என்ற எண் வழியாக இணைந்தால், அதே கணினியின் பெயரான 'லோக்கல்ஹோஸ்ட்' என்று மட்டும் பதிவான பயனருடன் இனிப் பொருந்தாது. அந்த எண்ணுக்கும் ஒரு பயனரை முன்கூட்டியே உருவாக்கிவிடுங்கள்; இல்லையென்றால் பேக்கப் நின்றுபோனது பல நாள் கழித்தே தெரியவரும்.

பதில்: தரவுத்தளப் பணியாளர், ஓசூர்

மேலே சொன்னதை வழிமொழிகிறேன். மறுதொடக்கத்துக்கு நிர்வாகம் தயங்கினால், எடைமேடைக் கணினிகளுக்கு நிலையான ஐபி கொடுத்து, அவற்றின் எண்களையும் பெயர்களையும் சர்வரின் ஹோஸ்ட்ஸ் கோப்பில் (சர்வரே வைத்திருக்கும் பெயர்ப் பட்டியல்) எழுதி வைப்பது இடைக்கால ஏற்பாடாக உதவும். புதிய கணினி வரும்போதெல்லாம் அதை நினைவாகத் திருத்த வேண்டியிருக்கும் என்பதால், நிரந்தரமாக அப்படியே விட்டுவிட நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி கேட்டவர்

கணினிப் பெயரில் ஒரு பயனரும், பேக்கப்புக்கு 'லோக்கல்ஹோஸ்ட்' பயனரும் இருந்தார்கள். இருவருக்கும் ஐபி அடிப்படையில் அனுமதி கொடுத்த பிறகு நேற்றிரவு அமைப்பை மாற்றினோம். எடைமேடையும் இப்போது அலுவலகத்தின் வேகத்துக்கு வந்துவிட்டது, பேக்கப்பும் ஓடியிருக்கிறது. மீதமுள்ள சில விநாடிகள், உள்நுழைந்தவுடன் சீசன் முழுவதற்குமான கொள்முதல் பட்டியலை மென்பொருள் ஏற்றுவதால் ஆகின்றன என்று தெரிகிறது. அன்றைய தேதிக்கு உரியதை மட்டும் ஏற்றும்படி மாற்றித் தரப் பராமரிப்பவரிடம் கேட்டிருக்கிறேன்.