கலைச்சொல் விவாதம்: ‘நேட்டிவ் டயலாக்’ – இயல்பா, சொந்தமா, உள்ளூரா?

குழுமத்தாருக்கு வணக்கம்.

மேசைக்கணினிச் செயலிகளின் கோப்புகளைத் தமிழாக்கும்போது ‘நேட்டிவ் டயலாக்’ என்ற தொடர் திரும்பத் திரும்ப வருகிறது. கோப்பைத் திறக்க, சேமிக்க, அச்சிட, வண்ணம் தேர்ந்தெடுக்கச் செயலி பல நேரங்களில் தானே ஒரு பெட்டியை வரைவதில்லை. விண்டோஸிடமோ மேக்ஓஎஸ்ஸிடமோ லினக்ஸ் மேசைச் சூழலிடமோ உள்ள பெட்டியைக் காட்டச் சொல்லி, பயனர் தந்த விடையை மட்டும் வாங்கிக்கொள்கிறது. அந்தப் பெட்டிதான் இது.

இதற்கு மூன்று பெயர்கள் புழங்குகின்றன. மூன்றுமே தடுமாற வைக்கின்றன. ‘இயல்பு உரையாடல்’ என்றால், ‘டீஃபால்ட்’டை ‘இயல்புநிலை’ என்று படித்துப் பழகியவர் மாற்றப்படாத அமைப்பு என்று எடுத்துக்கொள்வார். ‘உள்ளூர் உரையாடல்’ என்றால் தொலைவழங்கிக்கு எதிரான ‘லோக்கல்’ என்றாகிவிடும். ‘சொந்த உரையாடல்’ இன்னும் மோசம். செயலியின் சொந்தப் பெட்டி என்றுதான் எவருக்கும் முதலில் தோன்றும், அது நேர் எதிர்ப்பொருள்.

என் முன்மொழிவு: இயங்குதள உரையாடல் பெட்டி.

----

> என் முன்மொழிவு: இயங்குதள உரையாடல் பெட்டி

பொருள் சரி. நீளம் இடிக்கிறது. அமைப்புகள் பக்கத்தில் ஒரு தேர்வுப்பெட்டிக்குப் பக்கத்தில் இந்தச் சொல் வரவேண்டும். வினையையும் சேர்த்தால் நான்கு சொற்கள், வரி மடங்கிவிடும்.

‘நாட்டு’ என்ற அடையையும் எண்ணிப் பார்த்தேன். நாட்டுக்கோழி, நாட்டுச்சர்க்கரை என்று ‘அந்த மண்ணுக்கே உரியது’ என்ற பொருள் நம் பேச்சில் உயிரோடு இருக்கிறது. ஆனால் நாட்டு வெடி, நாட்டுத் துப்பாக்கி என்னும்போது ‘கையால் செய்தது, தரம் உறுதியில்லாதது’ என்ற நிழலும் கூடவே வருகிறது. இங்கே நமக்கு வேண்டியது இதற்கு மாறான பொருள். அதனால் விட்டுவிட்டேன்.

இன்னொரு கேள்வி: ‘உரையாடல்’ வேண்டுமா? செய்திச் செயலிகள் வந்தபின் ‘உரையாடல் பெட்டி’ என்றால் அரட்டை அடிக்கும் இடம் என்றே பலர் நினைக்கிறார்கள். கேட்டு விடை வாங்கும் பெட்டி என்பதால் ‘வினவுபெட்டி’ என்கிறேன்.

----

சொல்லுக்குள் போகும் முன், எந்த வேறுபாட்டை இந்தச் சொல் தாங்கியாக வேண்டும் என்று நிரலர் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

‘செயலி முழுக்கத் தமிழ், கோப்பு திறக்கும் பெட்டி மட்டும் ஆங்கிலம்’ என்ற வழு அறிக்கை அடிக்கடி வரும். இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு, இரண்டுக்கும் மருந்து வேறு. பெட்டியை இயங்குதளம் வரைந்திருந்தால் அதன் எழுத்துகள் நம் மொழிபெயர்ப்புக் கோப்பிலேயே கிடையாது. செயலி வரைந்திருந்தால் நாமோ நாம் பயன்படுத்தும் கருவித்தொகுதியோதான் பொறுப்பு.

கியூட்டியில் (செயலியின் திரைப்பகுதியைக் கட்ட உதவும் ஒரு கருவித்தொகுதி) இது சத்தமில்லாமல் மாறும். அதன் கோப்புப் பெட்டி வகுப்பான கியூஃபைல்டயலாக்கின் நிலைச் (‘ஸ்டாட்டிக்’) செயற்கூறுகளை அழைத்தால் பொதுவாக இயங்குதளப் பெட்டி வரும். அந்த வகுப்பிலிருந்து ‘கியூ-ஆப்ஜெக்ட்’ மேக்ரோவுடன் ஒரு துணைவகுப்பு எழுதினால் கியூட்டி தன் பெட்டியை வரைந்துவிடும். அப்போது கியூட்டியின் மொழிபெயர்ப்புக் கோப்பையும் மொழிபெயர்ப்பை ஏற்றும் அதன் வகுப்பான கியூட்ரான்ஸ்லேட்டர் வழியாக ஏற்றவேண்டும். நம்முடையதை மட்டும் ஏற்றினால் ‘ஓப்பன்’, ‘கேன்சல்’ ஆங்கிலத்திலேயே நிற்கும். ஐயம் இருந்தால் ‘டோன்ட்-யூஸ்-நேட்டிவ்-டயலாக்’ விருப்பத்தை இட்டு ஓட்டிப் பாருங்கள். பெட்டியின் தோற்றம் மாறினால் முன்பு வந்தது இயங்குதளத்தினுடையது.

இயங்குதளப் பெட்டி எந்த மொழியில் வரும் என்பதும் தளத்துக்குத் தளம் வேறு. விண்டோஸில் பயனரின் காட்சிமொழி. மேக்ஓஎஸ்ஸில் பயனரின் மொழி வரிசையோடு, செயலி தன் தகவல் கோப்பில் எந்தெந்த மொழிகளை அறிவித்திருக்கிறது என்பதும் பார்க்கப்படும். அறிவிக்க மறந்தால் பெட்டி ஆங்கிலத்துக்குப் போய்விடும். லினக்ஸில் எக்ஸ்டிஜி டெஸ்க்டாப் போர்ட்டல் (செயலிக்காக மேசைச் சூழலிடம் பெட்டியைக் கேட்டு வாங்கும் இடைச்சேவை) வழியாக வரும் பெட்டி தனிச் செயல்முறை. முனையத்தில் மொழி மாறியைத் தமிழாக வைத்துச் செயலியை ஓட்டினால் செயலி தமிழாகும். பெட்டி, அமர்வு தொடங்கியபோது இருந்த மொழியிலேயே வரும். இதைச் சோதித்துவிட்டுத்தான் பலர் நம்மிடம் வழு பதிகிறார்கள். பெட்டி போர்ட்டல் வழியாகத்தான் வந்ததா என்று அறிய, டிபஸ்-மானிட்டரை (செயல்முறைகள் தமக்குள் அனுப்பும் செய்திகளைக் காட்டும் கருவி) அமர்வுப் பாட்டையில் ஓடவிட்டு ஃபைல்-சூசர் அழைப்பு போகிறதா என்று பார்த்தால் போதும்.

ஃபிளாட்பேக்கில் (லினக்ஸ் செயலிகளை அடைப்புக்குள் வைத்து ஓட்டும் பொதிமுறை) இது மொழியோடு நிற்பதில்லை. அடைப்புக்குள் இருக்கும் செயலி தானே பெட்டி வரைந்தால், அதற்கு அனுமதிக்கப்பட்ட கோப்புறைகளை மட்டுமே காட்ட முடியும். போர்ட்டல் பெட்டி பயனரின் கோப்புகளைக் காட்டி, தேர்ந்த ஒன்றை மட்டும் செயலியிடம் கொடுக்கும். ஆகவே இங்கே ‘நேட்டிவ்’ என்பது தோற்றத்தைப் பற்றியதே அல்ல. அச்சு அசலாக விண்டோஸ் போலவே வரைந்த பெட்டியும் செயலியின் பெட்டிதான். யார் வரைகிறார், யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு. ‘இயல்பு’ என்பதை நான் எதிர்ப்பது இதனால்தான்.

----

இந்த விளக்கம் பெரிதும் உதவியது. ஒரே ஒரு ஐயம்: ‘நேட்டிவ் கோடு’க்கும் இதே அடை பொருந்த வேண்டாமா?

----

வேண்டாம் என்பேன். அங்கே செயலகம் நேரடியாக ஓட்டும் நிரல் என்று பொருள். ‘இயந்திர நிரல்’ என்றே சொல்லலாம். ஆங்கிலத்தில் ஒரு சொல் இரண்டு வேலை பார்ப்பதற்காகத் தமிழும் அப்படிச் செய்யவேண்டியதில்லை.

----

> யார் வரைகிறார், யார் கையில் இருக்கிறது என்பதே வேறுபாடு

இதை ஏற்று முன்மொழிவைத் திருத்துகிறேன். ஆவணத்தில் முதல்முறை வரும்போது ‘இயங்குதள உரையாடல் பெட்டி’, அதன்பின் ‘இயங்குதளப் பெட்டி’. எதிர்ச்சொல் ‘செயலிப் பெட்டி’. ‘தளப்பெட்டி’ என்று இன்னும் குறுக்க வேண்டாம். வலைத்தளத்தை எல்லாரும் ‘தளம்’ என்கிறார்கள்.

‘வினவுபெட்டி’ எனக்கும் பிடித்திருக்கிறது. ஆனால் ‘சரி’ என்ற ஒரே பொத்தானோடு ‘கோப்பு சேமிக்கப்பட்டது’ என்று மட்டும் சொல்லும் பெட்டி எதையும் வினவுவதில்லை. அதை என்ன செய்வது என்று தனி இழையில் பேசுவோம்.

வினையைப் பற்றி ஒன்று. ‘இயங்குதளப் பெட்டியைக் காட்டு’ என்று எழுதினால் செயலியே காட்டுவதாகிறது. நிரலர் ஆவணங்களில் ‘காட்டச் சொல்’ என்றே எழுதுவோம். அமைப்புகள் பக்கத்தில் ‘இயங்குதளப் பெட்டிகளைப் பயன்படுத்து’. மூன்று சொற்கள்.

மொழிபெயர்ப்பாளர் குறிப்பில் சேர்க்க: இயங்குதளக் கோப்புப் பெட்டியில் நம் கையில் இருப்பவை பெரும்பாலும் தலைப்பு, ஏற்புப் பொத்தானின் எழுத்து, ‘படக்கோப்புகள்’ போன்ற வடிகட்டிப் பெயர்கள் ஆகிய மூன்றே. விண்டோஸின் கோப்புப் பெட்டி இடைமுகமான ஐஃபைல்டயலாக், போர்ட்டல் இரண்டும் இந்த மூன்றையும் ஏற்கும். எலக்ட்ரானில் (வலை நுட்பங்களால் மேசைச் செயலி எழுத உதவும் சட்டகம்) ஏற்புப் பொத்தானின் எழுத்தை நிரலர் தனியாக அனுப்பவேண்டும். அனுப்பாவிட்டால் இயங்குதளத்தின் சொல்தான் வரும். மற்றபடி பக்கப்பட்டை, ‘ரத்து’ பொத்தான், தேதி நெடுவரிசை எதற்கும் நம் கோப்பில் சரம் தேடவேண்டாம்.

மறுப்பு இல்லையென்றால் ஞாயிறன்று சொற்பட்டியலில் ஏற்றிவிடுகிறேன்.