மறுமொழி: நீரடிப் பண்பாட்டுச் சொத்தா, நீர்கொள் மரபுரிமையா?

ஐயா, வணக்கம்.

நீருக்குள் முங்கிய பழஞ்சின்னங்களைக் காக்க யுனெஸ்கோ 2001-இல் கொண்டுவந்த உடன்படிக்கை பேசும் Underwater Cultural Heritage என்பதற்குத் தமிழில் தாங்கள் முன்வைத்த "நீரடிப் பண்பாட்டுச் சொத்து" என்ற சொல்லையும், அதற்கு மாற்றாகத் தங்கை ஒருவர் எழுதிய "ஆழ்கடல் தொல்பொருள்" என்பதையும் படித்தேன். இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. அகராதியில் ஏறிவிட்டால் பிறகு இறக்குவது கடினம் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் "சொத்து". 1954-இல் ஹேக் நகரில் போர்க்காலப் பாதுகாப்புக்காக எழுதிய உடன்படிக்கை, காக்க வேண்டியவற்றைப் பண்பாட்டுச் சொத்து என்றுதான் அழைத்தது. இரண்டாம் உலகப்போரில் எரிந்த நூலகங்களும் கொள்ளைபோன ஓவியங்களும் அப்போது கண்முன் இருந்தன. கள்ளக்கடத்தலைத் தடுக்க 1970-இல் வந்த உடன்படிக்கையும் அதே சொல்லை வைத்துக்கொண்டது. திருட்டுப்போன சிலையை மீட்க வேண்டுமானால் அது யாருடையது என்று கேட்டாக வேண்டும், அங்கே சொத்து என்பது பொருந்தும். ஆனால் 1972-இல் உலக மரபுரிமைப் பட்டியலுக்கு வழிவகுத்த உடன்படிக்கையிலேயே சொத்து என்ற பேச்சு மரபுரிமை (heritage) என்று மாறிவிட்டது. 2003-இல் வந்த மரபுரிமை உடன்படிக்கையில் கூத்தும் கைவினையும் வாய்மொழி அறிவும் உள்ளே வந்தன. அரை நூற்றாண்டாகச் சட்டம் நடந்து வந்த வழியை நாம் ஒரு சொல்லால் பின்னுக்கு இழுக்கக் கூடாது. அதைவிடப் பெரிய காரணம் 2001 உடன்படிக்கைக்குள்ளேயே இருக்கிறது: கடலடியில் கிடப்பதை வணிகத்துக்காக எடுப்பதையும் வாங்கி விற்பதையும் அது தடுக்கிறது. விற்காதே என்று சொல்லும் உடன்படிக்கையின் நெற்றியில் சொத்து என்று எழுதலாமா?

அடுத்து "நீரடி", "ஆழ்கடல்". உடன்படிக்கையின் வரையறையைப் பாருங்கள். முழுதாக முங்கியது மட்டுமன்று, பாதி முங்கியதும் சேரும். எப்போதும் முங்கிக் கிடப்பது மட்டுமன்று, விட்டுவிட்டு முங்குவதும் சேரும். குறைந்தது 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எங்கள் இராமநாதபுரக் கரையின் தேவிபட்டினத்தில், நவகிரகங்களாக வணங்கும் நவபாஷாணக் கற்கள் ஒன்பதும் கரையோரத்திலேயே கடலுக்குள் நிற்கின்றன. அடி நீருக்குள், தலை வெளியே. ஓதம் ஏறும்போது கல்லில் ஈரம் ஏறும் அளவும், வற்றும்போது அது இறங்கும் அளவும் கண்ணுக்குத் தெரியும். ஆடி அமாவாசைக்கு வருபவர்கள் இடுப்பளவு நீரில் நின்றே அவற்றைத் தொடுகிறார்கள். இதை நீரடி என்பதா? ஆழ்கடல் என்பதா? கடலை விட்டு உள்ளே வந்தாலும் அதே கதைதான். கண்மாய் பெருகினால் மடைத்தூண் முங்கும், கோடையில் வெளியே நிற்கும். உள்நாட்டு நீர்நிலைகளுக்கும் உடன்படிக்கையின் விதிகளைப் பொருத்திக்கொள்ள நாடுகளுக்கு வழி உண்டு. ஆகவே கடல் என்ற சொல்லும் குறுகலாகிவிடும்.

என் பரிந்துரை: நீர்கொள் மரபுரிமை.

"கடல்கோள்", "கடல் கொண்ட ஊர்" என்று நாம் சொல்லும்போது வரும் அதே "கொள்" இது. வினைத்தொகை என்பதால் நீர் கொண்டது, கொள்கிறது, கொள்ளும் என மூன்று காலமும் அடங்கும். விட்டுவிட்டு முங்குவது, நிரந்தரமாக முங்கியது என்று உடன்படிக்கை நீட்டிச் சொல்வதைத் தமிழ் இலக்கணம் ஒரே சொல்லில் தருகிறது. கடல்மட்டம் உயர்வதால் இனி முங்கப்போகும் இடங்களுக்கும் இது பொருந்தும். வருங்காலச் சட்டம் அந்தப் பக்கம்தான் போயாக வேண்டும் என்பது என் எண்ணம்.

"நீரைக் கொள்ளும்" என்று, குடம் நீர் கொள்வதுபோல, யாராவது பொருள் கொண்டுவிட மாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான ஐயம். பக்கத்தில் மரபுரிமை நிற்பதால் குழப்பம் நீடிக்காது என்று நம்புகிறேன்.

"மரபுரிமை" ஏன்? பாரம்பரியம் என்று நம் நாளிதழ்கள் எழுதுகின்றன, தவறில்லை. ஆனால் அக்கரையில், யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும், மரபுரிமை என்றே எழுதுகிறார்கள். பாக் நீரிணையின் அடியில் கிடக்கும் ஒரு மரக்கலத்துக்கு இரு கரையிலும் ஒரே பெயர் இருப்பது நல்லது. 1974, 1976 இந்திய-இலங்கை ஒப்பந்தங்கள் கடலில் எல்லைக்கோடு போட்டன, கப்பல் உடைந்து முங்கிய காலத்தில் அந்தக் கோடு இல்லை. உரிமை என்றால் உடைமை என்று ஆகிவிடுமே என்று தாங்கள் முன்மடலில் தொட்டதற்கும் விடை உண்டு: உடன்படிக்கை உடைமை வழக்கைத் தீர்க்க முன்வரவில்லை, காக்கும் பொறுப்பையே பேசுகிறது. உடைமை ஒருவருக்கு இருக்கலாம். முன்னோர் விட்டுச்சென்றதை அறியும் உரிமை அழகன்குளத்துப் பிள்ளைக்கும் உண்டு. வைகை முகத்துவாரத்தில் அவர்கள் ஊர் மண்ணிலிருந்துதான் ரோமானியக் காசும் கப்பல் உருவம் கீறிய பானை ஓடும் வந்தன. அந்தக் கப்பல்கள் வந்துபோன கடல் அங்கேயே இருக்கிறது, அதன் அடியில் என்ன கிடக்கிறது என்று முறையாகத் தேடுவதற்கே இன்னும் நிறைய வேலை பாக்கி.

ஒரு மனக்குறையையும் பதிவு செய்ய வேண்டும். தனுஷ்கோடியில் பவளக்கல் வைத்துக் கட்டிய தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. கல்லின் துளைகளில் மணல் அடைந்திருக்கிறது, பூச்சு உதிர்ந்த இடத்தில் பவளத்தின் கோலம் அப்படியே தெரிகிறது. ஆனால் 1964 டிசம்பர் புயலில் கடல் கொண்டுபோனவை 100 ஆண்டுக் கணக்குப்படி 2064 வரை இந்த வரையறைக்குள் வாரா. இந்தியா இன்னும் உடன்படிக்கையில் சேரவும் இல்லை. நம் சொல் அந்த ஆண்டுக்கணக்கை உள்ளே வைத்துக் கட்டப்படாததால், நாளை நம் நாடு தனிச்சட்டம் எழுதினால் தனுஷ்கோடியையும் அதே பெயரில் சேர்க்கலாம். "தொல்பொருள்" என்று வைத்துவிட்டால் அதற்கு வாய்ப்பில்லை.

இன்னொரு சொல்லும் பாக்கி. எடுக்காமல், கிடந்த இடத்திலேயே காப்பதை உடன்படிக்கை முதல் தெரிவாக வைக்கிறது. "கிடப்புக் காப்பு" என்று எழுதிப் பார்த்தேன், கிடப்பில் போட்ட கோப்பு நினைவுக்கு வருகிறது, வேண்டாம். "நிலையிடக் காப்பு" சரியாக வருமா? கீழக்கரை, ஏர்வாடிப் பக்கம் சங்கு குளிப்பவர்களோடு பழக்கம் உள்ளவர்கள், எடுக்காமல் விட்டுவைப்பதற்கு அவர்களிடம் சொல் இருக்கிறதா என்று கேட்டு இந்த இழையிலேயே எழுதுங்கள். இருந்தால் என் சொல்லை எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெரியபட்டினத்திலிருந்து